பவுடர் பூசிய இரும்பு

நம் பள்ளிக்கூடத் தோழிகள் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள்: "எவர்சில்வர் பாத்திரத்த போன்ல போட்டோ எடுத்தா என் மூஞ்சியும் சேந்து வருது. குறைஞ்ச வெலைல நல்ல லைட்டு எதுன்னு யாராச்சும் சொல்லுங்கடி." ஆளாளுக்குப் பதில் போட்டீர்கள். ஒருத்தி ரிங் லைட் என்றாள். இன்னொருத்தி ஒரு டப்பாவின் படத்தை அனுப்பினாள், உள்ளே வெள்ளைத் துணியும் குட்டி பல்புமாக இருந்தது. நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. "நீதானடி கவரிங் நகைக்கடைக்குப் படம் எடுத்துக் குடுக்கற, உனக்குத் தெரியாதா? தொழில் ரகசியமா?" என்று என்னை வம்புக்கு இழுத்தீர்கள்.

ரகசியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்கு அது பதினோரு வயதிலேயே தெரிந்திருக்க வேண்டியது. எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் அப்போது தெரியவில்லை. அந்தக் கதையைச் சொல்லாமல் எனக்கு விளக்கைப் பற்றிப் பேச வராது. ஐம்பதைத் தாண்டிய கிழவிகள்தானே எல்லோரும், முட்டியை நீட்டிப் போட்டுக்கொண்டு கேளுங்கள்.

நாம் ஆறாவது முழுப் பரீட்சை எழுதி முடித்த கோடை அது. உங்களில் பாதிப் பேரின் அப்பாக்கள் வேலை பார்த்த கம்பெனியில்தான் என் அப்பாவும் லேத் ஓட்டும் டர்னராக இருந்தார். கம்பெனி கேட்டை இழுத்துச் சாத்தியபோது அவரவர் அப்பாக்கள் பெங்களூருக்கும் சேலத்துக்கும் வேலை தேடிப் போனார்கள். என் அப்பா போகவில்லை. "இனிமே ஒருத்தன் கேட்டு முன்னாடி கைகட்டி நிக்க மாட்டேன்" என்று சொல்லி, ஓசூர் பாகலூர் ரோட்டில் நாங்கள் இருந்த லைன் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் பழைய லேத் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். கிருஷ்ணகிரியில் பட்டறையை மூடிய ஒருவரிடம் தவணை பேசி எடுத்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நிலையான ஆர்டர் ஒன்று கிடைக்காவிட்டால் லேத்தைத் திரும்ப ஏற்றிக்கொள்வேன் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். லேத் போனால் ஓசூரும் போச்சு. அம்மா பிறந்த பாரூருக்குப் போய்க் கரும்பு வெட்ட வேண்டியதுதான். வீட்டில் மூன்று பேருக்கும் இது தெரியும். சோறு தின்னும்போதும் தெரியும்.

அந்தக் கொட்டகையின் வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. லேத்தில் ஊற்றும் பால் போன்ற தண்ணீரின் புளித்த வாடை, சூடான இரும்பின் வாடை, வெயிலில் காய்ந்த தகரத்தின் வாடை. இரும்புச் சீவல் சுருள் சுருளாக, நீலமாக வெந்து விழும். செருப்பில்லாமல் போய் எத்தனையோ தரம் காலைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். அப்பா பெரும்பாலும் புஷ் கடைவார். புஷ் என்றால் வேறொன்றுமில்லை, நடுவில் துளை போட்ட இரும்பு உருளை, ஒரு கைக்குள் அடங்கும். கடைந்து முடித்த சாமானை ஜாப் என்பார்கள். அப்பா ஒரு ஜாபை முடித்ததும் பனியனில் துடைத்து அம்மாவிடம் நீட்டுவார். "இந்தா, மூஞ்சி பாத்துப் பொட்டு வெச்சுக்க" என்பார். நிஜமாகவே பொட்டு வைக்கலாம், அப்படிப் பளபளக்கும். அவருடைய கைக்கு ஓசூரில் அந்தப் பெயர் இருந்தது.

அந்தப் பெயரைக் கேட்டுத்தான் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் சார் ஸ்கூட்டரில் வந்தார். நல்ல மனிதர். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். ஜாபை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சூப்பர் ரீ! ஆனா நான் மட்டும் சொன்னா ஆகாது. பாம்பே ஆபீஸ்லதான் செலெக்ட் பண்ணுவாங்க. நாலு ஜாபோட போட்டோ வேணும், நல்லாப் பளிச்னு எடுத்துக் குடுங்க. ஃபைல்ல வெச்சு அனுப்பறேன். அவங்க ஓகே சொன்னா வருஷம் பூரா உங்களுக்கு வேலதான்."

"குடுத்தர்றேன் சார்" என்றார் அப்பா. வேறு ஒரு கேள்வி கேட்கவில்லை. கம்பெனியில் அப்படித்தான் பழகியிருந்தார். டிராயிங்கில் என்ன போட்டிருக்கிறதோ அதைச் செய்ய வேண்டும். போடாததைச் செய்தால் மேஸ்திரி தூக்கி எறிவான். சார் போட்டோ கேட்டார், அவ்வளவுதான், போட்டோ.

கிருஷ்ணகிரியில் ஒரு ஸ்டுடியோவில் அம்மாவின் தம்பி வேலை பார்த்தார். அம்மா அவரைத் தம்பி என்று கூப்பிடுவதால் எனக்கு அவர் தம்பி மாமா. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு எடுத்துப் போகும் கேமராவை, திங்கட்கிழமை முதலாளியிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். கழுத்தில் கேமரா, கையில் ஃபிளாஷ், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. "இதென்ன பிரமாதம், ரெண்டே நிமிசம்" என்று புஷ்ஷைப் பலகை மேல் வைத்து ஃபிளாஷ் அடித்தார். மறுவாரம் கறுப்பு வெள்ளைப் படங்களாகக் கழுவிக் கொண்டுவந்தார். புஷ் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி கண்ணைப் பறித்தது, மற்ற இடமெல்லாம் தார் பூசியது போல இருந்தது. அது புஷ்ஷா அடுப்புக்கரியா என்று பெற்ற அப்பாவுக்கே அடையாளம் தெரியவில்லை.

"வெளில வெச்சு எடுப்போம், இயற்கை வெளிச்சம்" என்றார் தம்பி மாமா. வெளியே எடுத்த படத்தில் கொட்டகை இருந்தது, கொடியில் காயும் என் பாவாடை இருந்தது, குனிந்து நிற்கும் தம்பி மாமாவின் தலை வகிடு வரைக்கும் இருந்தது. எல்லாம் புஷ்ஷுக்குள் வளைந்து கிடந்தன. புஷ் மட்டும்தான் இல்லை.

ஒவ்வொரு தடவையும் படம் கழுவி வர ஒரு வாரம் போயிற்று. அம்மா வாரத்தை வாயால் எண்ணவில்லை, ஆனால் காலண்டர் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். அப்பாவுக்கு ராத்திரியில் தூக்கமில்லை, பகலில் சாப்பாடு இறங்கவில்லை. "ஒரு உருப்படி வேலய என் கையால முடிச்சுட்டேன். அத ஒருத்தனுக்குக் காட்டறதுக்கு இவ்ளோ பாடா?" என்று கொட்டகையில் தனியாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. அப்பா தனியாகப் பேசி அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

மூன்றாவது தடவை தம்பி மாமா ஒரு யோசனையோடு வந்தார். பெங்களூரில் பெரிய ஸ்டுடியோவில் நகையைப் படமெடுக்க வெள்ளைக் கூடாரம் கட்டுவார்களாம், யாரோ சொன்னார்களாம். நாங்களும் கட்டினோம். கயிற்றுக் கட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, நாலு காலையும் சுற்றி அப்பாவின் கல்யாண வேட்டியைக் கட்டினோம். ஐந்நூறு வாட்ஸ் பல்பு இரண்டு வந்தது. அதற்குக் குடை வேண்டுமே? அம்மாவின் அலுமினியச் சட்டி இரண்டை எடுத்து அப்பா அடியில் ஓட்டை போட்டு, ஹோல்டரை மாட்டிக் கொடுத்தார்.  வேறு நாளாக இருந்தால் அந்தச் சட்டிக்கு ஒரு யுத்தமே நடந்திருக்கும். மிட்டாய்க் கடையில் கேட்டு வாங்கிய வெண்ணெய்த் தாளை பல்புக்கு முன்னால் ஒட்டினோம். கீழே டிவிப் பெட்டியின் தெர்மகோல். வேட்டியில் ஓர் ஓட்டை, அது வழியாகக் கேமரா.

உள்ளே போய் ஜாபை நகர்த்த, கைரேகையைத் துடைக்க யார் இருக்கிறார்கள்? சிறிய உடம்பு என்னுடையதுதான். உள்ளே உலைக்களம். தலையில் வைத்த எண்ணெய் கன்னத்தில் வழியும். "இன்னும் கொஞ்சம் திருப்பு. அய்யோ, கை எடு. மூச்சு விடாத, ஜாப் மேல ஆவி படியுது!" என்று வெளியிலிருந்து தம்பி மாமா கத்துவார். உடம்பெல்லாம் வேர்க்குரு. அப்போதுதான் வாடகை வாங்க வந்தார் எங்கள் ஓனரம்மா, தெலுங்குக்காரர். வெள்ளைத் துணி கட்டிய குடிசை, உள்ளே விளக்கு, விளக்கொளியில் என் நிழல். கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "அய்யோ தேவுடா! பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டாளா? ஒரு வார்த்த சொல்லலியேம்மா! நான் புட்டு அவிச்சு எடுத்துகினு வந்திருப்பேனே!" என்று சத்தம் போட்டார். அந்தக் கோடையில் அப்பாவும் அம்மாவும் தம்பி மாமாவும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான். நான் மட்டும் உள்ளேயே வெட்கத்தில் செத்தேன்.

கூடாரம் பாதி வேலை செய்தது. வெளிச்சம் பூப்போல விழுந்தது. ஆனால் வேட்டியின் பச்சைக் கரை ஒரு கறுப்புக் கோடாகப் புஷ்ஷின் ஓரத்தில் விழுந்தது. கேமராவின் கண்ணும் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டாகத் தெரிந்தது. தம்பி மாமா கரையை வெளிப்பக்கம் மடித்துக் குத்தினார், கோடு போயிற்று. பொட்டை என்ன செய்தும் போக்க முடியவில்லை. இடம் மாற்றினால் அதுவும் கூடவே மாறியது. கடைசியில் அவர் கேமராவைப் பலகை மேல் வைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "முடியலக்கா. இந்த எழவு கண்ணாடி மாதிரி இருக்குது. கண்ணாடிய எவனாச்சும் போட்டோ எடுப்பானா?"

அப்போது அம்மா சொன்னாள். அடுப்படியிலிருந்து வந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஏன்டா தம்பி, கல்யாணத்துல பொண்ணு மூஞ்சில எண்ண வழிஞ்சா நீ இன்னா சொல்லுவ?"

"பவுடர் போட்டுகினு வாம்மான்னு சொல்லுவேன்."

"அப்ப இதுக்கும் போடு."

தம்பி மாமா எழுந்து குதித்தார். "அக்கா! உன் கால்ல விழணும்க்கா!"

அம்மாவின் பவுடர் டப்பாவை நான்தான் ஓடிப்போய் எடுத்துவந்தேன். மெல்லிய துணியில் முடிந்து, புஷ்ஷின் மேல் மெத்து மெத்தென்று ஒற்றினோம். பளபளப்பு அடங்கியது. பொட்டும் மறைந்தது. ஒவ்வொரு விளிம்பும், உள்ளே வெட்டிய மரையும் தெளிவாகத் தெரிந்தன. கொட்டகை முழுக்க இரும்பு வாடையோடு மல்லிகைப் பவுடர் வாசனை அடித்தது. நாலு ஜாபையும் அப்படியே எடுத்தோம்.

படம் வந்த அன்று வீட்டில் திருவிழா. அளவு எடுத்து வரைந்தது போல ஒவ்வொரு புஷ்ஷும் அவ்வளவு அழகு. அம்மா அந்தப் படங்களைச் சாமி மாடத்தில் வைத்துச் சூடம் காட்டினாள். எனக்குச் சர்க்கரை கிடைத்தது. அப்பா ஒரு படத்தைக் கையில் எடுத்து வாசல் வெளிச்சத்துக்குப் போனார். வெகு நேரம் பார்த்தார்.

"இது என் ஜாப் மாதிரி இல்லியே" என்றார், மெதுவாக. "ஊத்தி எடுத்த வார்ப்பு மாதிரி இல்ல இருக்குது."

"மாமா, உங்களுக்கு இரும்பு தெரியும், எனக்கு போட்டோ தெரியும்" என்று தம்பி மாமா அவர் வாயை அடைத்தார்.

அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "வாசல் வரைக்கும் வந்த லட்சுமிய நிக்க வெச்சுக் கேள்வி கேக்காதீங்க. எடுத்துகினு போய்க் குடுத்துட்டு வாங்க."

அப்பா எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். நானும் ஆசையாகத்தான் பார்த்திருப்பேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கவரை ஒட்டி, பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

காத்திருந்தோம். ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் அம்மா வாசலுக்கு ஓடுவாள். பால்காரன், தபால்காரன், யார் யாரோ வந்தார்கள். பள்ளிக்கூடம் திறக்க இரண்டொரு நாள் இருக்கும்போது பர்ச்சேஸ் சார் வந்தார். வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இறங்காமலே உட்கார்ந்திருந்தார். அப்போதே எங்களுக்குத் தெரிந்துபோயிற்று.

"பாம்பேல ரிஜெக்ட் பண்ணிட்டாங்க ரீ" என்றார். "ஃபினிஷிங் சரியில்ல, மெஷின்ல கடைஞ்ச மாதிரியே இல்லன்னு எழுதிட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. உங்க கை எனக்குத் தெரியுமே!"

அப்பா கொட்டகைக்குள் போனார். அலமாரியில் பவுடரோடு அப்படியே இருந்த ஒரு புஷ்ஷை எடுத்து, பனியனைத் தூக்கி அழுத்தித் துடைத்து, அவர் கையில் வைத்தார். சாரின் கண்ணாடி போட்ட முகம் அதில் வளைந்து தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார், கீழே உதிர்ந்த பவுடரைப் பார்த்தார், என் அம்மாவைப் பார்த்தார்.

"அய்யய்யோ" என்றார். "நான் கவரைப் பிரிச்சுக் கூடப் பாக்கலியே. அப்படியே ஃபைல்ல வெச்சுட்டேன். மத்தவங்க ரெண்டு மூணு பேரு போட்டோவோட ஜாபையே டப்பால போட்டுக் குடுத்தாங்க. நீங்களும் இதுல ஒண்ண ஜேப்ல போட்டு எடுத்துட்டு வந்திருந்தா போதுமே, ரீ!"

"நீங்க போட்டோ கேட்டீங்க சார்" என்றார் அப்பா.

 ஃபைல் மூடியாகிவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சார் ஏதோ முணுமுணுத்தார். எங்களுக்கு ஏது அடுத்த வருஷம்?

இப்போது கேட்டவளுக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள். டப்பாவும் வேண்டாம், ரிங் லைட்டும் வேண்டாம். பாத்திரத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டு, வெளியிலிருந்து விளக்கைக் காட்டு, அது சரி. ஆனால் சுற்றிலும் வெள்ளை மட்டும் இருந்தால் எவர்சில்வரும் சுண்ணாம்புச் சுவர் மாதிரிதான் வரும். கறுப்புச் சார்ட் அட்டையில் விரல் அகலத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, பாத்திரத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று நிறுத்து. அந்தக் கறுப்பு, பாத்திரத்தின் ஓரத்தில் கோடாக விழுந்தால்தான் பார்க்கிறவனுக்கு அது பளபளப்பது தெரியும். கேமராவைத் தள்ளி வைத்துக் கொஞ்சம் பக்கவாட்டில் இருந்து எடு, உன் மூஞ்சி வராது. அவ்வளவுதான்டி. இதை நானே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்து, நகைகளோடு மல்லுக்கட்டித்தான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட அன்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வயிறு எரிந்தது. தம்பி மாமா மடித்துக் குத்தினாரே, அந்த வேட்டிக் கரை! அதை அப்படியே விட்டிருந்தால் போதும். எங்கள் குடும்பத்தைக் காப்பாற்ற இருந்தது அந்த ஒரு கோடுதான், அதைத் தப்பு என்று நினைத்து நாங்களே ஒளித்துவைத்தோம்.

ஏழாம் வகுப்பு திறந்த அன்று நீங்களெல்லாம் புதுப்பை மாட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். நான் அன்று கொட்டகை வாசலில் நின்றேன். டெம்போ வந்தது. ஆட்கள் முக்காலி போல மூன்று இரும்புக் கால் நட்டு, சங்கிலி மாட்டி, லேத்தைத் தரையிலிருந்து பெயர்த்தார்கள். அப்பா அவர்களை அதட்டிக்கொண்டே இருந்தார். "பாத்து, பாத்து. அந்தப் பக்கம் கட்டை குடுங்கடா, அடி படப்போகுது." டெம்போவில் ஏற்றிய பிறகு ஒரு டப்பா கிரீஸோடு மேலே ஏறி, வழவழப்பான இடத்துக்கெல்லாம் கையால் பூசினார்.

"இன்னாத்துக்குண்ணா இத்தினி செலவு? இனிமே இது உன்னுதா?" என்று ஒருத்தன் சிரித்தான்.

"வழில மழ வந்தா துருப் புடிக்கும். எடுத்துகினு போறவன் நாளைக்கே ஓட்டணும் இல்ல?" என்றார் அப்பா.

டெம்போ போயிற்று. கொட்டகைக்குள் நாலு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும் சிமென்ட் மேடை மட்டும் இருந்தது. அம்மா அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள். சார் வந்துபோன நாளிலிருந்து அவள் அழவில்லை. மூட்டை கட்டும் வேலையை மட்டும் பார்த்தாள். அப்பா கையில் கிரீஸோடு அவள் எதிரில் போய் நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள் என்று இப்போது தோன்றுகிறது. திட்டியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

"அன்னிக்கே சொன்னீங்களே, வார்ப்பு மாதிரி இருக்குதுன்னு. நான்தானே உங்க வாய அடச்சேன்" என்றாள், தரையைப் பார்த்தபடி. "சொல்லுங்க, ஏதாச்சும் சொல்லுங்க."

அப்பா கையைக் காட்டன் வேஸ்ட் நூல்கற்றையில் துடைத்துக்கொண்டார்.

"போட்டோ நல்லாத்தான் வந்திருந்துச்சு" என்றார்.

அம்மா அந்த மேடை மேல் கவிழ்ந்து, வாய்விட்டுக் கதறினாள். ஓனரம்மா வீட்டிலிருந்து ஓடிவந்தார்கள்.